அஞ்சில நிண்ட கோடு

– அடுத்த மாசத்துக்குக் குளிசை எழுத வேணா டொக்டர். வேற ஆருக்காவது உதவட்டும்.

– வரிப்பத்தான்சேனையில இருந்து கல்முனைக்கு ரெண்டு பஸ் மாறி வந்து இதையா சொல்றீங்க, றாஹிலா? நெஞ்சுக்குள்ள அந்த வால்வு இருக்குமட்டும் குளிசை போடத்தான் வேணும். இல்லாட்டி இரத்தம் உறைஞ்சிரும்.

– வாற வெள்ளியோட அஞ்சு வருசம் முடியிது. எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு மறு வருசம் கொழும்புல வெச்சது.

– முடிஞ்சா?

– மௌத்துத்தானே. உசிரு அதோட சரி.

– ஆர் சொன்ன?

– ஆரும் செல்லல்ல. கண்ணால கண்டன். ஒப்பரேசனுக்கு முந்தி பெரிய டொக்டர் ஒரு கடதாசி காட்டினார். இந்த வால்வு வெச்ச ஆக்கள் எத்தின வருசம் உசிரோட எண்டு காட்டுற கோடாம். ஒண்டு, ரெண்டு எண்டு போய் அஞ்சில நிண்டிச்சி. அங்கால வெறுங் கடதாசி. அவர்ர பாசை அரைகுறையாத்தான் விளங்கிச்சி, கோடு நல்லா விளங்கிச்சி.

– இஞ்ச பாருங்க தங்கச்சி. அப்ப அது புது வால்வு. அஞ்சு வருசம்தான் அந்த ஆக்களைப் பார்த்து எழுதியிருந்தாங்க. எழுத்து நிண்ட இடம்தான் அது.

– அப்ப ஆறாம் வருசம் அவங்களுக்கு என்ன ஆன?

– கனபேர் சோறு கறி ஆக்கிக்கொண்டு இருந்திருப்பாங்க. எழுத ஆளில்ல.

– எனக்கு எவ்வளவு?

– தெரியாது, பொய் சொல்லமாட்டன். கழட்டிப் பார்த்த வால்வுகள்ல தேய்மானம் கொஞ்சமாம். அதை வெச்சு நீட்டிப் பார்த்தா பத்து, பதினைஞ்சு வரும். மதிப்புத்தான். மாசா மாசம் இரத்தம் சோதிக்கிற செலவும் அலைச்சலும் கூடவே வரும். சரியான கணக்கு, நீங்க இருந்து காட்டினாத்தான் எங்களுக்கே தெரியும்.

– அல்லாவே. பதினைஞ்சு.

– கூடவும் வரலாம். ஏன் அழுறீங்க?

– தொழப் போனா இந்த வால்வு டிக்கு டிக்கெண்டு காதுல கேக்கும். நாள் ஒவ்வொண்டாக் குறையிது எண்டு நினைச்சிருந்தன் டொக்டர். அது பாட்டுக்கு எனக்கு ஹயாத்த, ஆயுசக் கூட்டித் தந்துக்கிட்டு இருந்திரிக்கி.

– நல்ல விசயம்தானே. வெளியில நிக்கிற உங்கட தங்கச்சிட மகளுக்கு முதல் போய்ச் சொல்லுங்க. பெரியம்மா, பெரியம்மா எண்டு உங்களையே சுத்தினாள்.

– நான் பெத்த புள்ள அது. ஒப்பரேசனுக்குப் போகக்குள்ள பால்குடி. அஞ்சில நான் போனாத் தேடக்கூடா எண்டு, தங்கச்சிய உம்மா எண்டும் என்னயப் பெரியம்மா எண்டும் நான்தான் டொக்டர் பழக்கினன்.