கூப்பிட்டவரே சொல்லட்டும்

ஒரு கேள்வியோடு இந்த மேடைக்கு வந்திருக்கிறேன். மழைக்கு முன் உப்பை மூட ஓடி வந்தவர்களை, வெட்டுவதற்கு ஓடி வருகிறார்கள் என்று, உப்பளத்திலேயே பிறந்து வளர்ந்த மக்கள் எப்படி நம்பினார்கள்? எனக்குப் பதில் தெரியாது. படித்த புத்தகங்களில் தேடினேன், கிடைக்கவில்லை. தெரிந்ததுபோல் நடிக்கவும் விருப்பமில்லை.

இந்த அமைதிக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவர் செல்லப்பன் அவர்களே, மரக்காணம் வட்டாரத்துப் பெரியோர்களே, பாத்தித் தண்ணீரில் பாதம் வெடித்த தாய்மார்களே, இடப்பக்க நாற்காலிகளில் மட்டும் அமர்ந்திருக்கும் ஊர்த்தெருச் சகோதரர்களே, வலப்பக்க நாற்காலிகளில் மட்டும் அமர்ந்திருக்கும் காலனிச் சகோதரர்களே, நடுவில் ஆளின்றிக் கிடக்கும் நாற்காலிகளே, அனைவருக்கும் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

எனக்கு முன் பேசியவர்கள் 'அசம்பாவிதம்' என்றார்கள். 'துரதிர்ஷ்டம்' என்றார்கள். 'இரு தரப்பும் பொறுமை காக்க வேண்டும்' என்றார்கள். பிரபாகரன் என்ற பெயரை ஒருவரும் சொல்லவில்லை. தலையில் கல் பட்டு, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்து, இன்று காலை இறந்துபோன மனிதனின் பெயர் அது. அந்தப் பெயரைச் சொல்ல நா கூசியதா, நடுங்கியதா?

நடந்ததைச் சொல்கிறேன். தெரிந்த கதைதானே என்கிறார் பின்னாலிருந்து ஒருவர். ஆமாம் ஐயா, எல்லாம் தெரிந்துதான் ஒரு மனிதனைச் சாகவிட்டோம். இன்னொரு முறை கேட்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

நம் உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேகம் கறுத்தால், முதலில் பார்த்தவர் காலித் தகரத்தை எடுத்துத் தட்டுவார். சத்தம் கேட்டவர்கள் எல்லோரும் ஓட வேண்டும். யார் பாத்தி என்று கேட்கக் கூடாது. யார் குவியல் என்று கேட்கக் கூடாது. எந்தத் தெரு என்று கேட்கவே கூடாது. கையில் இருப்பதோடு ஓடுவார்கள்: உப்பு வாரும் பலகை, தார்ப்பாய், மூங்கில் கழி, கயிறு அறுக்க அரிவாள். மழை முந்துமா, மனிதன் முந்துவானா என்ற ஓட்டம் அது.

அன்றும் தகரம் ஒலித்தது. திருவிழா பேனர் கிழிந்து, ஊரும் காலனியும் முறைத்துக்கொண்டிருந்த வாரம். காற்றில் கிழிந்ததா, கையால் கிழிந்ததா, இன்றுவரை தெரியாது. தெரியாத ஒன்றுக்காகத் தெரிந்தவர்கள் பகையானார்கள். அந்தப் பகைக்கு நடுவிலும், சத்தம் கேட்டதும் காலனி ஆட்கள் ஓடினார்கள். சாலையில் வண்டியை நிறுத்திய ஒருவர் அதைக் கைபேசியில் படம் பிடித்தார். 'அருவாளோட வர்றானுங்க, எல்லாரும் வாங்க' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினார். அனுப்பினார்கள், அனுப்பினார்கள், ஆசிரியர்கள் அனுப்பினார்கள், அரசு வேலை பார்ப்பவர்கள் அனுப்பினார்கள். ஒரு விரலாவது நின்றதா? தலைக்கு மேல் மேகம் நின்றதே, அதை அண்ணாந்து பார்க்க ஒரு கழுத்து இல்லையா இந்த ஊரில்?

இருந்தது. இதோ உட்கார்ந்திருக்கிறார் விஜயலட்சுமி. ஊர்த்தெருவைச் சேர்ந்தவர், உப்பு வாருபவர். அந்தப் படத்தைப் பார்த்துத் திரண்டு வந்த ஊர்த்தெருக் கூட்டத்தை வரப்பில் நின்று மறித்தார்.

"யோவ், கண்ணு தெரியல? மழைக்குப் போறாங்கய்யா. தகரம் தட்டினதே நம்ம கலியன்தான். தோ நிக்கிறாரு, கேட்டுப் பாருங்க."

"நீ எந்தப் பக்கம்? மொதல்ல அதச் சொல்லு."

"நான் உப்புப் பக்கம்யா. கரைஞ்சிட்டா நாளைக்கு உன் பொண்டாட்டிக்கும் வேலை கெடையாது, எனக்கும் கெடையாது."

கூட்டம் கலியனைப் பார்த்தது. உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர், ஊர்த்தெருவில் நாலு பேர் மதிக்கும் மனிதர். 'நான்தான் கூப்பிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னாரா?

"எனக்கென்னப்பா தெரியும்" என்றார்.

கற்கள் பறந்தன. அப்போது பிரபாகரன் எங்கே இருந்தார்? கலியனின் குவியல் மேல் ஏறி, கலியனின் தார்ப்பாயை, கலியனின் உப்புக்காகக் கட்டிக்கொண்டிருந்தார்.

இடப்பக்கம் சலசலப்பு கேட்கிறது. ஒரு பெண் சொன்னதை நம்பிப் பேசுகிறேன் என்கிறீர்களா? நான் எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. கலியனையே போய்க் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "கூட்டத்துக்கு நடுவுல எப்படிங்க சொல்றது? நானும் இந்தத் தெருவுலதான இருந்தாகணும்" என்றார். இதை மேடையில் சொல்வேன் என்றேன். "சொல்லிக்கோங்க" என்றார். மூன்றாவது வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அவரைத் திட்டாதீர்கள். உங்களுக்குப் பயந்துதான் அவர் பொய் சொன்னார். அந்தப் பயத்தை ஊட்டி வளர்த்தது யார்?

வலப்பக்கம் கைதட்டுகிறீர்கள். வேண்டாம், நிறுத்துங்கள். உங்களிடமும் ஒரு வதந்தி ஓடிக்கொண்டிருக்கிறது. பிரபாகரனின் அண்ணன் சவரிமுத்து நேற்று என்னிடம் சொன்னார்: "தகரம் தட்டிக் கூப்ட்டு வச்சி அடிச்சானுங்க மேடம். பிளான் போட்டுப் பண்ணிட்டானுங்க."

இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். செத்தவர் ஒரு பக்கத்தவர், கல் வந்தது மறுபக்கத்திலிருந்து. எறிந்தவர்கள் சட்டத்துக்குப் பதில் சொல்லட்டும், அதில் சமாதானம் கிடையாது. ஆனால் பொய் பொய்தான். அழைத்தது சூழ்ச்சி அல்ல. மேகம் உண்மை, மழை உண்மை, கலியனின் பதற்றமும் உண்மை.

நாளைக் காலை பிரபாகரனின் உடல் வருகிறது. பெரிய தெரு வழியாகத்தான் கொண்டுபோவோம் என்கிறது காலனி. பொதுத் தெருவில் போக யாருடைய அனுமதி வேண்டும்? வந்து பாருங்கடா என்கிறார்கள் ஊர்த்தெரு இளைஞர்கள் சிலர். காவல் வண்டி வரும் என்கிறார் தலைவர். வரட்டும். வண்டி கல்லைத் தடுக்கும், வதந்தியைத் தடுக்குமா? லத்தி கையை இறக்கும், கதையை இறக்குமா? ஊர் வைத்திருக்கும் பொய்யையும், காலனி வைத்திருக்கும் பொய்யையும் ஒரே வாக்கியத்தில் உடைக்கக்கூடியவர் ஒருவர் இருக்கும்போது, நான் ஏன் பேச வேண்டும், நீங்கள் ஏன் கேட்க வேண்டும்?

கலியன் அவர்களே, நாளைக் காலை பெரிய தெருவில் நில்லுங்கள். அழைத்தது நான், அவர்கள் என் உப்பைக் காக்க வந்தார்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சமாதானக் குழு சொன்னால் அறிக்கை. நான் சொன்னால் பேச்சு. நீங்கள் சொன்னால் மட்டும்தான் அது உண்மை.

தலைவர் கையைக் காட்டுகிறார், முடிக்கிறேன். மேடையில் எல்லோருக்கும் நன்றி சொல்லி இறங்குவது மரபு. என் நன்றி இன்று விஜயலட்சுமிக்கு மட்டும். மற்ற எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறேன். நன்றி சொல்ல நாளைக்குப் பிறகு காரணம் கிடைக்கிறதா பார்க்கலாம்.

மறுநாள் நடந்தது இது.

உடல் பெரிய தெருவுக்குள் வந்தது. பாதி வீடுகளின் கதவுகள் சாத்தியிருந்தன. கோயில் முனையில் ஊர்த்தெரு இளைஞர்கள் நின்றிருந்தார்கள். போலீசார் நடுவில் நின்றார்கள். கலியன் தன் வீட்டிலிருந்து இறங்கி, பாடைக்குப் பின்னால் வந்த பிரபாகரனின் மனைவி அம்சவள்ளியிடம் போனார்.

"நான்தாம்மா கூப்ட்டேன். மழைக்குத்தான் கூப்ட்டேன்."

அம்சவள்ளி அழவில்லை. "எனக்குத் தெரியாதா? தகரம் கேட்டுத்தான அவரு சோத்தப் பாதியில விட்டுட்டு ஓடனாரு. எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அங்க போயி சொல்லுங்க" என்று கோயில் முனையைக் காட்டினார்.

சவரிமுத்து பாடையை நிறுத்தச் சொன்னார். கலியன் கோயில் முனைக்கு நடந்தார். போலீசாருக்கு அப்பால் நின்றவர்களிடம் அதையே சொன்னார். "பயந்துட்டியா பெரியப்பா?" என்று ஒருவன் கேட்டான். "அன்னிக்குத்தான்டா பயந்தேன்" என்றார். ஒருவன் காறித் துப்பிவிட்டுப் போனான். இரண்டு பேர் அவன் பின்னால் போனார்கள். மற்றவர்கள் நகரவில்லை.

கலியன் திரும்பி வரும்வரை பாடை நடுத்தெருவில் நின்றது. பிறகு போனது. கல் விழவில்லை.