எந்தக் கடையை விடவும்

— மணி ஒன்பதே முக்கால். இன்னும் அந்த விலைப் பலகையில என்ன எழுதிக்கிட்டிருக்கே? கடைக்கு வர்றவங்க உன் முதுகைத்தான் பாக்கணுமா?

— யாருங்க வந்தா? காலையிலேர்ந்து ஒரு ஈ வந்துச்சு. அதுவும் ஒண்ணும் வாங்காம போயிடுச்சு.

— அம்மா தாயே, சோப்பு என்ன விலை போட்டிருக்கே? நாம வாங்குற விலையே இதைவிட அதிகம்!

— தெரியும்.

— தெரிஞ்சேவா? மூடுறதுதான் மூடுறோம், கொஞ்சம் கௌரவமா மூடலாம்னு பாத்தேன்.

— யாரு மூடுறா?

— மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்னு நீதானே சொன்னே? நாளையோட முடியுது. உன் அண்ணன் எதிர்ல அந்தப் பெரிய கடையிலேயே எனக்கு வாட்ச்மேன் வேலை பேசி வெச்சிருக்கார். தொப்பி அளவுகூட கேட்டுட்டாங்க.

— உங்க தலைக்கு அங்க தொப்பி கிடையாது, சொல்லிட்டேன். அவங்க வாசல்ல என்ன எழுதியிருக்கு?

— 'இத்தெருவில் எந்தக் கடையை விடவும் விலை குறைவு.' அதைப் படிச்சுப் படிச்சுத்தானே எனக்கு ரத்தக்கொதிப்பே வந்துச்சு.

— இந்தத் தெருவுல வேற மளிகைக் கடை எது?

— நாமதான்.

— நம்ம விலை அவங்களுக்கு எப்படித் தெரியுது?

— எப்படி?

— தினமும் பத்து மணிக்கு ஒரு பொண்ணு வருதே. முக்காலியில உக்காந்து, தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, போனைத் தட்டிக்கிட்டே...

— புதுசா குடிவந்த பொண்ணு. எல்லாத்துக்கும் விலை கேக்கும், எதுவும் வாங்காது. புருஷன் கஞ்சன் போலன்னு நினைச்சேன்.

— நானும்தான். போன வாரம் அவசரத்துல சர்க்கரை விலையைத் தப்பா எழுதிட்டேன், ரொம்பக் குறைச்சு. அன்னிக்கு மத்தியானமே அங்க சர்க்கரை அதைவிடக் குறைச்சலுக்கு வித்தாங்க.

— அடப்பாவமே! வேவு பாக்க வந்த பொண்ணா? அதுக்கு நான் ஃபேன் வேற போட்டு விட்டேனே!

— இன்னிக்கும் போடுங்க. இந்த வாரம் நீங்க வித்த சர்க்கரை எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க?

— மொத்தக் கடையிலேர்ந்து.

— எதிர்லேர்ந்து. மொத்தக் கடையைவிட மலிவு. நீங்க மத்தியானம் தூங்கும்போது தையக்காரம்மா, செருப்புக் கடைக்காரர், நான், எல்லாரும் போய்ப் பை பையாத் தூக்கிட்டு வந்தோம். சலூன்காரர் முகத்துல நுரையோட இருந்த ஒருத்தரையும் கையோட கூட்டிட்டு வந்துட்டார்.

— அடிப்பாவி! இன்னிக்கு சோப்பா? சரி, இந்த விலைக்கு நம்மகிட்ட யாராவது கேட்டா?

— குடுப்போம். நாலு சோப்பு இருக்கு. நாலு பேருக்கு இதே விலை. நான் பொய் எழுதலை, சொல்லிட்டேன்.

— தாயே, அந்தக் கடைக்கு நீ மேனேஜரா இருந்திருந்தா நான் என்னிக்கோ வாட்ச்மேன் ஆயிருப்பேன்.

— வருது, வருது. மூஞ்சியைச் சாதாரணமா வைங்க.

— இதான் என் சாதாரண மூஞ்சி.

— வணக்கம்ணே. வணக்கம்க்கா.

— வாம்மா, வா! உக்காரு! ஃபேன் போடட்டுமா? வேகமா வைக்கவா?

— அண்ணன் இன்னிக்கு ரொம்பச் சிரிக்கிறாரே?

— அவருக்குப் பல்வலி. இந்தா, தண்ணி குடி.

— அப்பாடா. அங்க நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்கணும்க்கா. இங்க வந்தாதான் கால் ஆறுது.

— எங்கேம்மா நிக்கணும்?

— எதிர்லதான். உங்களுக்குத் தெரியாதா என்ன? சர்க்கரைப் பையை நீங்க தூக்கிட்டுப் போனப்ப கதவைத் திறந்துவிட்டதே நான்தானே.

— அது வந்து... வீட்டுக்கு... என்னங்க, நீங்க சொல்லுங்க.

— எனக்குப் பல்வலி.

— அட, இருக்கட்டும்க்கா. இன்னிக்கு சோப்பு விலையா குறைச்சிருக்கீங்க? எங்க குடோன்ல சோப்பு ரெண்டு பெட்டிதான் இருக்கு, எண்ணெய்தான் கூரை வரைக்கும் குவிஞ்சு கிடக்கு. நான் தண்ணி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள இதை அழிச்சுட்டு எண்ணெய் விலையைக் குறைச்சு எழுதிடுறீங்களா?