நாலு வரிசைத் தையல்

— கம்ப்ளெய்ன்ட் இல்ல மேடம், சத்தியமா இல்ல. இந்த லைஃப் ஜாக்கெட்ட தைச்சவங்கள ஒரு தபா பாக்கணும், அவ்ளோதான்.

— பாருங்க பிரதர், நான் இங்க சூப்பர்வைசர். தையல் பிரிஞ்சிருந்தா என்கிட்டயே சொல்லலாம்.

— பிரியாததாலதான் வந்துகீறேன்! எம் பேரு எத்திராஜ். கள்ளிக்குப்பம். இதே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல பின்னாடி ரோட்ல லேத்து ஓட்றேன். எம் பொண்டாட்டி உசுர காப்பாத்துன ஜாக்கெட்டு மேடம் இது.

— கர்த்தாவே! உக்காருங்க. என்ன ஆச்சு?

— போன ஞாயித்துக்கெழம எங்க பட்டற ஆளுங்கல்லாம் குடும்பத்தோட பழவேற்காடு போனோம். ஏரிய சுத்திப் பாக்கலாம்னு வாடகைக்குப் படகு எட்த்தோம். படகுக்காரர் ஆளுக்கொரு ஜாக்கெட்ட நீட்னாரு. என் ஊட்டுக்காரி தாட்சாயிணி, பட்டுப்பொடவ மேல இத்த மாட்ட மாட்டேன்னுட்டா. நானும், வுட்ருங்கண்ணேன்னு சொன்னேன். அந்த மன்சன் கேக்கலியே! "எல்லாரும் மாட்டி, பட்டைய இஸ்துக் கட்னாதான் கயித்த அவுப்பேன்"னுட்டாரு.

— நல்லா இருக்கட்டும் அந்த ஆளு.

— முகத்துவாரத்துகிட்ட போறப்போ திடீர்னு காத்து. படகு கவுந்துட்ச்சு. நாங்கல்லாம் படகையே புட்சிகினு தொங்கறோம். இவள மட்டும் தண்ணி இஸ்துகினு பூட்ச்சு. நீச்சலு தெரியாது. கத்திக் கத்தி அவளுக்கு தொண்ட அட்ச்சிகிச்சு...

— விசில் இருக்குமே, ஊதலையா?

— அதான் மேடம்! தோள்ல தொங்கற விசில வாய்ல வெச்சா பாருங்க, வுடாம ஊதறா. அந்த சத்தத்துக்குத்தான் இன்னொரு படகு திரும்புச்சு. பொடவ தண்ணி குட்ச்சி அவ்ளோ கனம். கைக்கு எட்டல. கழில கொக்கி கட்டி, ஜாக்கெட்டுப் பட்டைல மாட்டி இஸ்தாங்க. பட்டை மட்டும் அறுந்துட்ருந்தா கடலுக்கே பூட்ருப்பா.

— தாங்கிச்சா?

— ஒரு நூலு நகரல! அப்பால படகுக்காரர்தான் காட்னாரு. மத்த ஜாக்கெட்லலாம் பட்டைக்கு ரெண்டு வரிசைத் தையல். இதுல நாலு வரிசை, குறுக்கால வேற. "யாரோ மன்சு வெச்சி தைச்சிகீறாங்க, போய் காட்டு"ன்னு இத்த எங்கிட்டயே குட்த்துட்டாரு.

— இப்படிக் குடுங்க, பாப்போம். பதினோரு வருஷமா இந்த வாசல் வழியா லாரி லாரியா அனுப்பறேன் பிரதர். ஒண்ணுகூட தண்ணியில நனைஞ்சு நான் பாத்ததில்ல.

— உள்ளாற சின்னத் துணில, போன வருஷம், எம்பத்தொம்போது, நம்பர் இர்வத்தேழுன்னு கீது பாருங்க. அது தைச்சவங்க நம்பராமே, வாட்ச்மேன் சொன்னாரு.

— ஆமா. இருபத்தேழு.

— தாட்சாயிணி ரவிக்கத் துணியும் பூவும் குட்த்தனுப்பிகீறா. அவளே வந்துருப்பா, இன்னும் ஜொரம் வுடல. "அந்தக் கைய என் பதிலா கண்ல ஒத்திகினு வா"ன்னா. கொஞ்சம் கூப்டுங்க மேடம், அஞ்சு நிமிசம் போதும்.

— கன்னியம்மா.

— அவங்க பேரா?

— ஆமா. இப்ப இங்க இல்ல. நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கத்துல, நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறா.

— இவ்ளோ நல்லா தைக்கிறவங்களா! சரி மேடம், வழி சொல்லுங்க. இப்பயே ரயிலேறி பூட்றேன். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

— எனக்குப் புண்ணியம் சொல்லாதீங்க. எல்லாரும் ஒரு நாளைக்கு இருபது தைச்சா, அவ பதினாலுதான் தைப்பா. ரெண்டு வரிசை போதும்டின்னு எத்தனை தடவை சொன்னேன்! "யாரு மாட்டப் போறாங்களோக்கா, இருக்கட்டும்"னு மறுபடி மிஷின்ல குனிஞ்சுக்குவா.

— பாத்தீங்களா! எங்களுக்கோசரமே தைச்ச மாதிரி கீது. ஒரு சீட்ல அட்ரசு எழுதிக் குடுங்க மேடம்.

— எழுத வேணாம். அரை நாள் லீவு சொல்லிட்டு நானே உங்களோட வரேன்.

— நீங்களா? எதுக்கு மேடம் உங்களுக்கு செரமம்?

— நூல வீணாக்குறா, வேலைக்கு ஆக மாட்டான்னு எழுதிக் குடுத்து, அவள வெளிய அனுப்பினது நான்தான் பிரதர்.