ஜீப்பைத் தூக்க ஒரு டிரங்க் கால்

“ஹலோ... ஹலோ... கோயமுத்தூரா?... ஏலே வல்லி, நான்தாம்லே, அக்கா. தங்கத்தாய்... ஆமா, ஆமா, மேலகரத்துலேருந்துதான்... யாருக்கும் ஒண்ணும் ஆகலலே, ஏன் பதறுத? எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருக்கோம். ஜீப்புக்குத்தான் சொகமில்ல.”

எண்பத்திரண்டாம் வருஷத்து வைகாசி. காலை எட்டு மணிக்குப் பதிவு செய்த டிரங்க் கால் பதினொன்றரைக்குக் கிடைத்திருந்தது. போன் இருந்தது சேக் மைதீனின் மரக்கடையில். யாராவது வெளியூருக்குப் பேச வந்தால் மைதீன் மரம் அறுக்கிற மெஷினை நிறுத்திவிடுவார். பேசுகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாதாம். மெஷின் நின்றதும் அதில் வேலை பார்க்கிற நாலு பேரும் மேசைக்குப் பக்கத்தில் வந்து ஓய்வெடுப்பார்கள். அதுவும் இடைஞ்சல் இல்லாமல்தான்.

தங்கத்தாயின் புருஷன் ஆவுடைநாயகம் மேசைக்கு அந்தப் பக்கம் வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். கோயம்புத்தூரில் ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கிற மச்சினன் வல்லிநாயகத்தோடு அவருக்கு நாலு வருஷமாகப் பேச்சில்லை. மிலிட்டரி ஏலத்தில் பழைய ஜீப் ஒன்றை எடுத்த கையோடு கடையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மச்சினன் அதைத் தட்டிப் பார்த்து, “அத்தான், ரெண்டு சலங்கை கட்டிவிட்டா நல்ல வில்வண்டி” என்று பந்தல் சிரிக்கச் சொல்லிவிட்டான். பந்தியில் உட்காராமல் திரும்பியவர்தான். தன் குரல்கூட அவன் காதில் விழக்கூடாது என்று, இன்றைக்கும் விரலால் மட்டுமே பேசினார்.

“என்னவா? அடி தட்டுது... தோட்டத்துப் பாதையிலலே. ஐந்தருவிக்கு மேல, கிராம்புத் தோட்டத்துக்கு ஏறுத பாதை... ஆமா, ஆமா, அதேதான். போன வருச மழையில மண்ணு பூரா அரிச்சுப்போயி வெறும் பாறையா நிக்கி. வண்டிக்கு நடு வயித்துல கியர்ப் பொட்டி தொங்குதுல்லா, அது பாறையில ணங்குனு இடிச்சு அங்கனயே ஒக்காந்துருது. நாலு பேரு எறங்கித் தூக்கிவிடணும்... சிரிக்காதலே! வார திங்கக்கிழம தோட்டத்து மேனேசரு கண்ணு முன்னால ஏத்திக் காட்டணும். ஏறலைன்னா இந்தச் சாரல் சீசன் பூரா ஆளும் சாமானும் ஏத்துத வேலை புளியறைக்காரன் வண்டிக்குப் போயிரும். வீட்டுல அடுப்பு எரியணும்லா?”

ஆவுடைநாயகம் நாலு விரலை நீட்டினார். பிறகு ஒரு விரலை வளைத்துக் கொக்கி மாதிரி காற்றில் தொங்கவிட்டு ஆட்டினார்.

“ஒங்க அத்தான் நாலு இஞ்சு தூக்கணும்ங்காவ. சாக்கிளை நீளமாப் போட்டா போதுமாம்... ஆமாலே, ஸ்பிரிங் பட்டை நுனிய வண்டிச் சட்டத்துல கோத்திருக்கே, அந்தத் தொங்கல்தான். அதை நீளமாச் செஞ்சு பஸ்சுல போட்டுவிடுவியாம்... என்னது?... மெதுவாச் சொல்லு, எனக்கு வெளங்கணும்லா... ம்... ம்... ஸ்டேரிங்கு நடுங்கும்... சரி... சரிவுல திரும்புதப்பம்... ஐயோ! கவுந்துருமா?... ஆளோடயா?”

தம்பி வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்ததுமே அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தியிருந்தாள்; மேசைக்கு அந்தப் பக்கம் எதுவும் எட்டவில்லை. மைதீன் ஸ்டூலை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். என்னவாம் என்று ஆவுடைநாயகம் புருவத்தைத் தூக்கினார். லைன் சரியில்லை என்று தங்கத்தாய் கையை ஆட்டினாள்.

“இருக்கேன், இருக்கேன், சொல்லு... அப்பம் என்னதான் செய்ய? லாரிப் பட்டையை வெட்டிப் போட்டா என்னன்னு தென்காசி மெக்கானிக்கு கேக்கான்... முதுகு போயிருமா? ஒங்க அத்தான் முதுகு கெடக்கட்டும்லே, அதுல நானும்லா கோயிலுக்குப் போறேன்!... ம்... இருக்குத பட்டையோட... ஒவ்வொரு சக்கரத்துக்கும் ரெண்டு பட்டை கூடச் சேக்கணும்... பட்டையச் சேத்துக் கட்டுத யூ போல்ட்டும் நீளமா... ரெண்டு இஞ்சு ஒசரும். அந்தப் பாறைக்கு ரெண்டு இஞ்சு போதுமா?... சத்தியமா?... குலுக்குமாக்கும்? குலுக்கட்டும். இப்பம் மட்டும் தொட்டில்லயா போறோம்?... யாரு?... எக்ஸ்சேஞ்சா? மூணு நிமிசம் ஆயிட்டா? இப்பந்தான தாயி ஹலோ சொன்னேன்!... இன்னொரு மூணு போடும்மா. போடு, போடு.”

சங்கடம் இனிமேல்தான். வல்லிநாயகம் பட்டை என்றான் என்று தெரிந்தால் ஆவுடைநாயகம் தலைகீழாக நின்றாலும் பட்டை போடமாட்டார். வண்டிக்குக் கூரை போட்டால் நல்லது என்று தம்பி எப்போதோ சொன்னதை அவள் ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மனுஷன் இரண்டு சாரல் சீசனை மொட்டை வண்டியில் நனைந்துகொண்டே ஓட்டினார். காய்ச்சலில் பிதற்றும்போதுகூட, கூரை வேண்டாம் என்றுதான் பிதற்றினார். அதிலிருந்து தங்கத்தாய் ஒரு வழி வைத்திருந்தாள். தம்பி சொன்னதைக் குப்புறக் கவிழ்த்துச் சொன்னால், புருஷன் அதை நிமிர்த்திக்கொள்வார்.

போனின் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: “தம்பி சாக்கிள்தாங்கான். நாலு இஞ்சு தாராளமாத் தூக்கலாமாம். பட்டை கிட்டைன்னு யாரும் சொன்னாக் கேக்காதீய, அது வேஸ்டாம்.”

சொல்லிவிட்டு, அவர் பட்டைக்குக் குதிப்பதை எதிர்பார்த்து நின்றாள். எதிரியே தன் கட்சிக்கு வந்துவிட்டால் ஒரு மனுஷன் என்ன செய்வான் என்பதை அவள் யோசிக்கவில்லை. ஆவுடைநாயகத்தின் முகம் மலர்ந்தது. கல்யாணத்தன்றுகூட அது அந்த அளவுக்கு மலர்ந்ததாக மேலகரத்தில் யாரும் சொன்னதில்லை. தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, அத்தனை நாள் கட்டிக் காத்த குரலை அவிழ்த்துவிட்டார்.

“பாத்தீரா வே மைதீன்! நான் என்ன சொன்னேன்? என்ன இருந்தாலும் வேலை தெரிஞ்சவன் வேலை தெரிஞ்சவன்தான். எங்க வல்லி கையில இரும்பு பேசும்வே!”

மெஷின் ஆட்கள் நாலு பேரும் தலையாட்டினார்கள். தங்கத்தாய் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஏலே, வச்சிராத... ஆமா, அத்தான் சத்தந்தான்... ஒன்னியத்தான் புகழுதாவ... எதுக்கா? ஒனக்கு எதுக்கு அது? நல்ல வார்த்தை சொன்னா வாங்கிக்கிட வேண்டியதுதான... இல்லலே, சாக்கிள்தான் வேணுமாம்... நீ சொன்னதுனாலதான்... நீ சொல்லல. நீ சொன்னதா நான் சொன்னேன்... கத்தாதலே, காது போயிரும்!... தெரியும், தெரியும், கவுந்தா யாரு தாலின்னு எனக்குத் தெரியாதா?”

ஆவுடைநாயகம் மேசையைச் சுற்றி வந்து கையை நீட்டினார். தானே ஒரு வார்த்தை நன்றி சொல்லப் போகிறாராம். அவள் ரிசீவரோடு ஒரு அடி பின்னால் போனாள். அதற்கு மேல் வயர் வரவில்லை. நீட்டிய கையைப் பார்த்தாள். அந்தக் கை நடுங்குகிற ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு பாறைச் சரிவில் திரும்புவது கண்ணில் வந்து நின்றது. ரிசீவரைக் கொடுத்துவிட்டாள்.

“ஹலோ... ம்... நான்தான்.” தொண்டையைச் செருமினார். “சொகமா இருக்கியா மாப்ள?... பிள்ளைய எல்லாம்?... ம்... என்னது, பட்டையா? இப்பந்தான சாக்கிள்னு... நீ சொல்லலியா?... ஓஹோ.”

அவர் திரும்பிப் பார்த்தபோது, தங்கத்தாய் ஒரு தேக்குப் பலகையை விலைக்குக் கேட்கப் போகிறவள் மாதிரி தடவிக்கொண்டிருந்தாள்.

“இல்ல மாப்ள, நாலு இஞ்சு இருந்தாத்தான பாறைக்கு... ஏன் கவுழும்? நாலு வருசமா ஓட்டுதேன், எனக்குத் தெரியாதா?... ம்... ஒசக்கப் போவப் போவ... ம்...” குரல் இறங்கியது. “ஆமா மாப்ள. ரெண்டாவது வளைவுல இப்பமே ஒரு சக்கரம் லேசாத் தூக்கத்தான் செய்யுது... ரெண்டு மூணு தடவை... யாருட்டயும் சொல்லல.”

பலகையைத் தடவிய கை நின்றுவிட்டது.

ஆவுடைநாயகம் மைதீனைப் பார்த்தார். மெஷின் ஆட்களையும் பார்த்தார். மச்சினன் கையில் இரும்பு பேசும் என்று இத்தனை பேர் சாட்சியாகச் சொல்லி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அதைத் திருப்பி விழுங்க வழியே இல்லை.

“சரி, பட்டையே போடு மாப்ள... ரெண்டு இஞ்சு. ஆமா, நாலு சக்கரத்துக்கும்... யூ போல்ட்டும் சேத்து... நீயே கொண்டு வாரியா? சனிக்கிழமயா?... வா, வா, அதுக்கென்ன, ஞாயித்துக்கெழம ரெண்டு பேருமா மாட்டிருவோம்... என்னது, மங்குஸ்தானா? எந்த மங்குஸ்தான்?... நான் குடுத்துவிட்டேனா? வருசா வருசமா? ஒரு தோலுகூட நான்... இரு, இரு. அப்பம் தீவாளிக்கு நீ எனக்கு அனுப்புன வேட்டி?... அனுப்பலியா?”

குனிந்து தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டார்.

“அப்பம் இது யாரு எடுத்த வேட்டி மாப்ள?... இன்னும் என்னெல்லாம் நடந்திருக்கு? ஒண்ணொண்ணாச் சொல்லு, நேரம் கெடக்கு.”

மைதீன் ஸ்டூலை இன்னும் ஒரு சாண் இழுத்தார்.

“பட்டை சொல்லியாச்சுல்லா?” என்று கேட்டாள் தங்கத்தாய்.

“சொல்லியாச்சு, சொல்லியாச்சு” என்றார் அவர், திரும்பாமலே. “நீ சொல்லு மாப்ள... நீ அனுப்புன பொங்கப்படிப் பணம் வந்து சேந்துட்டுன்னு நான் காயிதம் போட்டேனா?... மன்னிப்புக் கேட்டா?... என் கையெழுத்துலயா?”

தங்கத்தாய் எட்டி, ரிசீவர் உட்காருகிற குமிழை ஒரு விரலால் அழுத்தினாள்.

“லைன் கட்டாயிட்டு” என்றாள் மைதீனிடம்.