தீயைக் கெடுத்தவன்

கேஸ் கிரில்லில் தீ குறைந்தால் எல்லோரும் முதலில் சிலிண்டரைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் சிலிண்டர் மேல் தப்பே இருக்காது.

இதை நான் காக்கநாட்டில் ஒரு கால் சென்டரில் கற்றேன். கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு அங்கே ஒரு ஹெட்போனைக் கொடுத்து இரவு முழுக்க உட்கார வைத்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ இறைச்சி சுட்டுக்கொண்டிருப்பார். தீ மெலிந்துவிட்டது என்று அழைப்பார். எல்லாவற்றையும் மூடுங்கள், ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டுங்கள், வால்வை மெதுவாகத் திறங்கள் என்பேன். சட்டென்று திறந்தால், எங்கோ கசிகிறது என்று பயந்து ரெகுலேட்டர் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். அதுவரை நான் ஒரு கிரில்லைக் கண்ணால் பார்த்ததில்லை. அதை யாரும் குறையாக நினைக்கவில்லை.

அந்த வேலையையும் விட்டுவிட்டு ஊருக்கே, மட்டாஞ்சேரியில் அக்கா இசக்கிசெல்வியின் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அவள் கணவர் பாண்டியராஜன், என் அத்தான், சுக்கு மூட்டை அடுக்கிவைக்கும் ஒரு பழைய கோடவுனின் மொட்டை மாடியில் சாப்பாட்டுக்கடை நடத்தினார். துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் கழித்துக்கட்டிய கிரில்லை வாங்கிப் போட்டிருந்தார். அதில் மீன் வேகவில்லை; வியர்த்தது. நான் எல்லாவற்றையும் மூடிக் கழற்றி மாட்டி, மெதுவாகத் திறந்தேன். தீ நீலமாக எழுந்தது. அத்தான் என்னைக் கட்டிப்பிடித்தார். அன்று இருந்ததிலேயே பெரிய கரிமீனை அக்கா என் தட்டில் வைத்தாள். என் வாழ்க்கையில் நான் சரிசெய்த முதல் பொருள் அது.

தீ ஒழுங்காக எரிய ஆரம்பித்ததும் ஒரு சிக்கல் வந்தது.

"மாப்ள, நீ தீக்கு வைத்தியம் பாக்குற டாக்டருல்லா" என்றார் அத்தான். "சீக்கே இல்லன்னா டாக்டருக்கு இங்க என்ன சோலி?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. களமசேரியில் ஒரு ஃபேக்டரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எனக்காக விசாரித்தும் வைத்திருந்தார். அந்த அக்கறையை நான் இன்றும் மறக்கவில்லை.

மறுநாள் தீ மெலிந்தது. வால்வைச் சட்டென்று திருப்பியது நான்தான். பிறகு எல்லோரும் பார்க்கச் சரிசெய்தேன். களமசேரிப் பேச்சு நின்றது. ஆனால் அத்தான் புத்திசாலி. நான் செய்வதைப் பார்த்தே கற்றுக்கொண்டார். ஒருநாள் என்னைக் கூப்பிடாமல் அவரே கழற்றி மாட்டி, மெதுவாகத் திறந்தார். களமசேரி திரும்ப வந்தது. ஆகவே அவருக்குத் தெரியாத சீக்கு ஒன்று தேவைப்பட்டது.

சிலந்திக்கு கேஸ் வாடை பிடிக்கும் என்று காக்கநாட்டில் பாடம் நடத்தியிருந்தார்கள். பர்னர் குழாய்க்குள் புகுந்து வலை கட்டும். கோடவுனில் சிலந்திக்குப் பஞ்சமில்லை. ஒரு டப்பாவில் சிலவற்றைப் பிடித்து வந்து குழாயின் வாயில் விட்டேன். உள்ளே போகச் சொல்லி நான் எதையும் தள்ளவில்லை. அவையாகப் போயின. வலை போதாத இடத்தில் கொஞ்சம் பஞ்சு வைத்தேன்.

குழாய் அடைத்தால் தீ குறைவதோடு நிற்காது. போக வழியில்லாத கேஸ் பின்னால் திரும்பி, முன்பக்கத் திருகு குமிழுக்குக் கீழே பற்றும். அழைக்கிறவர்களிடம் நாங்கள் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியமே இதுதான்: தயவுசெய்து குனியாதீர்கள். முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன்.

அன்று மத்தியானம் நல்ல வெயில். வெயிலில் தீ கண்ணுக்குத் தெரியாது. அத்தான் பற்ற வைத்துவிட்டு உற்றுப் பார்த்தார்.

"டாக்டரே, உம்ம சீக்கு வந்துட்டு போலிருக்கே" என்றார். குனிந்தார்.

குனியாதீங்க என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். அதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் போட்டிருந்தது நைலான் சட்டை; உடனே பற்றிக்கொண்டது. நான் சிலிண்டர் பக்கத்தில்தான் நின்றேன். வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும் என்றுதான் விதி. மூடுவதற்கு அப்படி விதி இல்லை. ஆனாலும் பழக்க தோஷம், நான் அவசரப்படவில்லை. மூடி முடித்ததும் ஈரச்சாக்கை எடுத்துப் போர்த்தி அணைத்தேன். ஆஸ்பத்திரியில் அத்தான் கண் திறக்கவே இல்லை.

விசாரிக்க வந்த எஸ்.ஐ. மலையாளத்தில் கேட்டார்: "தீ கெடுத்தியது ஆரா?"

தீயை அணைத்தது யார் என்று அர்த்தம். மலையாளத்தில் கெடுத்துவது என்றால் அணைப்பது. தமிழில் கெடுப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். நான் பிறந்ததும் வளர்ந்ததும் மட்டாஞ்சேரியில். இரண்டும் எனக்குத் தெரியும்.

"நான்தான் சாரே கெடுத்தேன்" என்று தமிழில் சொன்னேன். மனிதன் உண்மையைத் தாய்மொழியில்தான் சொல்ல வேண்டும். அவர் என் தோளில் கை வைத்து, "கொள்ளாம் மோனே" என்று பாராட்டினார். அவர் வேறு மொழியில் கேட்டுக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. என் வரையில், கேட்ட அன்றே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

கிரில்லைப் பழுது பார்த்துக் கொடுத்தேன். இப்போது கடையை அக்கா நடத்துகிறாள். சாயா குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "சேட்டா, அன்னைக்குத் தீ கெடுத்தியது இவனாக்கும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நான் தலையாட்டுவேன். இரண்டு மொழியிலும் அவள் சொல்வது சரிதான்.

போன வாரம் கலூரிலிருந்து ஷிபு என்ற சமையல்காரரைச் சேர்த்திருக்கிறாள். கிரில் வேலை மட்டுமல்ல, ரிப்பேரும் அவருக்கு அத்துபடியாம். இனி நான் கஷ்டப்பட வேண்டாம், களமசேரியில் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள்.

ஷிபு சேட்டன் நல்ல மனிதர். எதையும் குனிந்து பார்க்கிற பழக்கம் அவருக்கும் இருக்கிறது.