மர்சூக்கிட இன்பொக்ஸ்

– அத மட்டும் அழிச்சிடாத தம்பி. அல்லாஹ்வுக்காகக் கேக்கன்.

– அழிக்கிறதில்ல ராத்தா. புதுப் பட்டியல்ல சேக்காம விடுறதுதான். மஜீட் காக்கா போன்ல சொல்லிட்டாரே. "வேலை செய்யிற ஆக்களுக்கு மட்டும் பாஸ்வேர்ட் குடு ஷிஹான், மௌத்தாகி மூணு வருஷமான தம்பிக்கு இனி என்னத்துக்கு மெயில்" எண்டு.

– அவருக்குத் தம்பி. எனக்குப் புருஷன். ரெண்டும் ஒண்டா?

– நான் என்ன செய்ய ராத்தா? மொதலாளி அவர்.

– நீ என்ட சாச்சிட மகன். அது மறந்து போச்சா? இவ்வளவு காலமும் நல்லா ஓடின சாமான இப்ப என்னத்துக்கு நோண்டுறாய்?

– கொஞ்சம் பொறுங்க, சொல்றன். அப்ப புடவைக் கடை மட்டும்தானே. இப்ப நீங்க டிரவல்ஸும் துறந்திட்டீங்க. அதுக்குத் தனி டொமைன், தனி அட்ரஸ். ஆனா சேர்வர் ஒண்டுதான். பழைய செட்டிங் ஆள்ட பேர மட்டும்தான் கேக்கும், எந்தக் கடை ஆளெண்டு கேக்காது. அங்கயும் ஒரு "இன்போ" இரிக்கு, இஞ்சயும் ஒரு "இன்போ" இரிக்கு. உம்ராக்குப் போக எழுதின கடிதம் புடவைக் கடைப் பெட்டிக்குள்ள விழுந்து கிடக்கு.

– அதுக்கு?

– இனிப் பேரோட கடையையும் சேத்துக் கேக்கும். எல்லாருக்கும் புதுப் பாஸ்வேர்ட். பழசெல்லாம் இப்பவே வெட்டிட்டன், ஒண்டும் எடுபடாது.

– அப்ப மர்சூக்கிட புதுப் பாஸ்வேர்ட எனக்குத் தா. அவர் வந்து கேக்கவா போறாரு?

– உங்களுக்கு என்னத்துக்கு? அவருக்கு இனி என்ன கடிதம் வரப்போகுது?

– வருது. நான் எழுதுறன்.

– ஆ?

– என்னப் பைத்தியமெண்டு பாக்காத ஷிஹான். வெள்ளிக்கிழமையில ஆம்புளயள் ஜும்ஆக்குப் போனப்பிறகு கடையில ஆருமில்ல. அந்த நேரம் இந்தக் கதிரையில இருந்து எழுதுவன். ஆருக்கும் தெரியாது. மஜீட் காக்காக்கும் தெரியாது.

– மூணு வருஷமாவா?

– வேற எங்க போய் அழச் சொல்றாய்? கொக்கட்டிச்சோலைப் பக்கம் வலை வீசப் போறனெண்டுட்டுப் போன மனிசன். தோணி கவுண்டு கிடந்தது. செருப்புக் கிடந்தது. ஆள மட்டும் வாவி தரல்ல. முதலை கொண்டு போயிட்டுதெண்டாங்க. மௌத்தான புருஷனுக்காக நாலு மாசம் பத்து நாள் வெளியில வராம இத்தாவும் இருந்தன். அடக்கின ஒரு கபுறு இரிந்தாலும், இந்தா இந்தத் திசையெண்டு நினைச்சிக் கையேந்துவன். எனக்கு அந்த அட்ரஸ் ஒண்டுதான் இரிக்கு தம்பி.

– மெய்தான் ராத்தா. நான் அப்பிடி யோசிக்கல்ல.

– மகள் இன்ஷிராட பல்லு விழுந்ததையும் எழுதுவன். கறி கருகினதையும் எழுதுவன். எழுதினாத்தான் மறுகா அந்தக் கிழமைய ஓட்ட ஏலும். அதையும் புடுங்காதங்க.

– சரி, அழாதங்க. பேரச் சேக்கன். மஜீட் காக்காக்கு நான் சொல்லிக்கிறன். கடிதமெல்லாத்தையும் ஒரு கொப்பியும் எடுத்துத் தாறன். பொறுங்க, சேர்வர் பக்கத்தால துறந்து பாப்பம்... கனக்க இரிக்கே.

– எல்லாம் என்டதான்.

– ஓம். இண்டைக்கு எழுதினது மட்டும்தான் வாசிக்காமக் கிடக்கு.

– என்ன சொன்னாய்?

– வாசிக்காத மெயில் தடிச்ச எழுத்தில நிக்கும். இண்டைக்கு வந்தது மட்டும்தான் அப்பிடி நிக்கு. மத்ததெல்லாம் துறந்து வாசிச்சதுதான். நீங்க எழுதினப்பிறகு உள்ளுக்குப் போய்த் திருப்பிப் பாப்பீங்க போல.

– நான் எப்பிடிப் போற? அவர்ட பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாதே. அதத்தானே உன்னட்டக் கேட்டு நிக்கன்.

– உங்களுக்குத் தெரியாதா?

– தெரியாது. மஜீட் காக்காக்கும் தெரியாது. அவருக்கு அவர்ட மெயிலத் துறக்கவே ஆள் வேணும்.

– அப்ப கொஞ்சம் பொறுங்க. ஆர் வந்தது, எங்கயிருந்து வந்ததெண்டு சேர்வர் எழுதி வைக்கும்.

– களவா ஆரும் பூந்திட்டானா? என்ட சங்கதியெல்லாம் அதுக்குள்ள கிடக்கு!

– கள்ளனெண்டா அந்தப் பேரில ஊருக்கெல்லாம் குப்பை மெயில் அனுப்பியிரிப்பான். இதிலிருந்து வெளியில ஒண்டும் போகல்ல. வந்து வாசிச்சிட்டுப் போயிரிக்கு, அவ்வளவுதான். போன வெள்ளி பின்னேரம். அதுக்கு முந்தின வெள்ளியும். ஒருக்காவும் பாஸ்வேர்ட் பிழைக்கல்ல. கட்டார்ல இருந்து.

– கட்டார்ல நமக்கு ஆரு இரிக்கா?

– ராத்தா, மர்சூக் காக்காட பாஸ்போட் எங்க?

– அலுமாரியில இல்ல. நான் அப்பவே சொன்னன். வீசா அலுவலாக் கொண்டு திரிஞ்சவன், சட்டைப்பையோட தண்ணிக்குள்ள போயிரிக்கும் எண்டார் மஜீட் காக்கா. அதயேன் இப்ப கேக்காய்?... ஷிஹான். நான் நினைக்கிறதத்தான் நீயும் நினைக்காயா?

– அப்பிடித்தான் தெரியுது ராத்தா.

– யா அல்லாஹ்! உசிரோட இரிக்காரா? அல்ஹம்துலில்லாஹ்! என்ட புள்ளைக்கு வாப்பா இரிக்காரு! மஜீட் காக்காக்குப் போன் அடி தம்பி, சுறுக்கா அடி. அவள் இன்ஷிராவயும் கூட்டி வரணும்...

– அடிக்கன், அடிக்கன். நீங்க முதல்ல இரிங்க. இந்தா தண்ணி.

– பொறு. அடிக்காத.

– ஏன்?

– எல்லாம் வாசிச்சதெண்டாயே.

– ஓம்.

– இன்ஷிரா டெங்குவில ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள ஒண்டு எழுதினன். கனவிலயாவது வந்து அவள்ட தலையத் தடவிட்டுப் போங்க எண்டு.

– அதுவும் வாசிச்சிரிக்கு.

– மாமி மௌத்தான அண்டைக்கு எழுதினது? உங்கட உம்மா கடைசி மட்டும் வாசலப் பாத்துக்கிட்டே கிடந்தா எண்டு?

– விடுங்க ராத்தா, இப்ப அதெல்லாம்...

– பாத்துச் சொல்லு.

– வாசிச்சிரிக்கு.

– பதில் எழுத வெளிக்கிட்டு, எழுத ஏலாம விட்ட மாதிரி ஏதும் கிடக்கா? அரை வரி?

– தேடிட்டன். ஒண்டுமில்ல.

– நல்லாப் பாரு.

– இல்ல ராத்தா. ஆரும் புடிச்சி வெச்சிரிந்தா? அரபி வீட்டில போனைப் பறிச்சி வைப்பாங்க, அப்பிடி ஏதும்...

– வெள்ளிக்கு வெள்ளி வாசிக்கப் போன் இரிக்கு. "இரிக்கன்" எண்டு ஒரு சொல் எழுத மட்டும் இல்லயா? நான் என்ன குறை வெச்சன் அவருக்கு? என்ன வேணாமெண்டா வேணாமெண்டு மூஞ்சிக்கு நேர சொல்லியிரிக்கலாமே! பெத்த உம்மா என்ன செய்தா? அந்தப் பச்சப் புள்ள என்ன செய்தது? நான் கிடந்து அழுததெல்லாத்தையும் ஒருத்தர் பேப்பர் வாசிக்கிற மாதிரி வாசிச்சிட்டு மூடி வெச்சிரிக்காரு தம்பி. வெக்கமா இரிக்கு எனக்கு.

– நீங்க ஏன் வெக்கப்படணும்?

– படுறனே. என்ன செய்ய.

– ராத்தா... கொஞ்சம் இஞ்ச பாருங்க.

– என்ன?

– வந்திட்டார்.

– எங்க?

– இந்தா, ஸ்க்ரீன்ல ஓடுது. கட்டார்தான். இண்டைக்கு எழுதினத வாசிக்க வந்திரிக்கார். பழைய பாஸ்வேர்ட அடிச்சார், சேர்வர் பிழையெண்டு திருப்பிட்டு. திரும்பவும் அடிக்கார். திரும்பவும் பிழை.

– அவர் அடிக்கிறது உனக்குத் தெரியுமா?

– சோதிச்சிப் பாக்க எழுத்துக்கெழுத்துக் காட்டச் சொல்லி வெச்சிரிந்தன். வேலை முடிஞ்சதும் நிப்பாட்டணும். இப்ப வேற ஒண்டு அடிக்கார்... "இன்ஷிரா".

– ம்.

– அதுவும் பிழை. இப்ப உங்கட பேர் ராத்தா. "முப்லிஹா" எண்டு அடிக்கார்.

– என்ட பேரா?

– திரும்பவும் உங்கட பேர்தான். ராத்தா, அவர்ட பேருக்கு நான் இன்னும் பாஸ்வேர்ட் போடல்ல. உங்கட பேரையே போட்டு விடவா? உடனே துறந்திரும்.

– வேணாம். அந்த ஆள அழி தம்பி. நான் இத்தா இருந்து முடிச்சிட்டன்.