தனித் தொட்டி

மீனுக்கு உடம்பு சரியில்லை என்பதை அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. குனிந்து செதிலைப் பார்க்க வேண்டும். இதை எனக்குச் சொல்லித் தந்தவள் என் மகள் சண்முகசுந்தரி. முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள் ஐயா, அதனால் மீனிலிருந்து தொடங்குகிறேன்.

கூடத்தில் அவளுடைய கண்ணாடித் தொட்டி இருக்கிறது. ஆறு தங்கமீன்கள். போன திங்கட்கிழமை அதில் ஒன்றின் விலாவில் சிவப்பாக ஒரு புண் தெரிந்தது. சுந்தரி தொட்டியைக் கழுவும்போது கண்ணாடி விளிம்பில் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டாள். துணியைச் சுற்றிக்கொண்டு, அதே கையைத் தண்ணீருக்குள் விட்டு வேலையை முடித்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு நிச்சயதார்த்தம். புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் சங்கரசுப்புவின் மகன் மாப்பிள்ளை.

செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்ட் பக்கம் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் முகம்மது ஆரிப்பிடம் போனேன். விவரமான ஆள். புண்ணின் அடையாளத்தைச் சொன்னதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"பாக்டீரியா அண்ணாச்சி. நோவு வந்த மீன மொதல்ல தனித் தொட்டியில விடுங்க. தண்ணிய கால்வாசி மாத்துங்க, கல்லுப்பு போடுங்க, இந்தத் தூள அளந்து கலக்குங்க. பொழச்சிரும். கையில வெட்டு கிட்டு இருந்தா மட்டும் தண்ணிக்குள்ள விட்ராதீங்க. மனுசனுக்கும் ஏறும்."

ஏறினால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"டாக்டர்ட்ட போனா ஊசி மாத்திரையில சரியாயிரும். போவாம வச்சிருந்தாத்தான் வம்பு" என்று சொல்லி, எதிரே இருந்த ஆஸ்பத்திரியைத் தாடையால் காட்டினார்.

எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப்போவதில்லை. அன்றே தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது அவள் கை மணிக்கட்டு வரை வீங்கிச் சிவந்திருந்தது. இரண்டு இடத்தில் கொப்புளம். மற்றவர்கள் வீட்டில் புண் என்பது வெறும் புண். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. எங்கள் சொந்த ஊரான இளையரசனேந்தலில் என் அத்தைக்குக் கையில் ஒரு புண் வந்தது. குஷ்டம், பெருநோய் என்று ஊர் முடிவு கட்டியது. அது இல்லை என்று மதுரைப் பெரியாஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை யார் படித்தார்கள்? எங்களுக்குப் புண்ணுக்காரன் வீடு என்று பெயர் வந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் மூன்று பேருக்குக் கடைசிவரை கல்யாணம் நடக்கவில்லை. அந்தப் பெயரை அங்கேயே விட்டுவிட்டுத்தான் என் அப்பா சங்கரன்கோவிலுக்கு வந்தார். ஐம்பது வருடமாக இந்தத் தெருவில் யாருக்கும் அது தெரியாது.

அதனால் வாசலில் வேப்பிலை கட்டினேன்.

அம்மை கண்ட வீட்டுக்குள் யாரும் வரமாட்டார்கள். யாரும் துருவிக் கேட்கவும் மாட்டார்கள். அது அம்மன் இறங்கிய வீடு. அதில் கேவலம் எதுவும் இல்லை. சங்கரசுப்புவுக்குப் போன் செய்தேன். அவர் ஒரு வார்த்தைகூடக் குறையாகச் சொல்லவில்லை.

"ஆத்தா வந்திருக்கும்போது நாம முந்தக்கூடாது அண்ணாச்சி. பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தட்டும். பெறவு தேதி பாப்போம்."

நல்ல குடும்பம். இப்போதும் சொல்கிறேன்.

சுந்தரியைப் பின்னறைக்கு மாற்றினேன். புண்பட்ட மீனையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தனியே விட்டு, காற்றுக் குழாய் போட்டு, அதே அறையில் வைத்தேன். அவள்தான் கேட்டாள். தூளை எவ்வளவு போடுவது என்று கட்டிலில் படுத்தபடியே சொன்னாள். அவள் கைக்கும் நான் வைத்தியம் பார்த்தேன். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டேன். கல்லுப்புத் தண்ணீரில் கையை முக்கி வைத்தேன். அப்போது தலையணை உறையை வாயில் கடித்துக்கொண்டாள். தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று அவளுக்கும் தெரியும். என் வளர்ப்பு.

புதன்கிழமை சிவப்பு முழங்கையைத் தாண்டியது. காய்ச்சல் அனலாக அடித்தது. நான் கல் நெஞ்சக்காரன் இல்லை ஐயா. வியாழக்கிழமை காலை ஆட்டோவுக்குச் சொன்னேன். அவளுக்குச் சேலையைச் சுற்றி, கையைத் துண்டால் மூடி, தாங்கி நடத்திக்கொண்டு முன்வாசல் வரை வந்தேன். எதிர்வீட்டுப் பிச்சம்மாள் எங்கள் நடையில் இளநீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, அம்ம போட்ட பிள்ளைய வெயில்ல இறக்குதிய? ஆஸ்பத்திரிக்கா? ஆத்தா பொறுப்பாளா?" என்று கேட்டுவிட்டு, சுந்தரியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "முகத்துல ஒரு முத்துகூடக் காணோமே."

காற்றுக்காகக் கூட்டி வந்தேன் என்றேன். ஆட்டோவைத் திருப்பி அனுப்பினேன். சுந்தரி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"யப்பா, மீனுக்கு மருந்து வாங்குத கடைக்கு எதுத்தாப்லதான ஆஸ்பத்திரி. நான் நடந்தே போயிருதேன்பா. யாருகிட்டயும் பேசமாட்டேன்."

விரல் விரலாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் பின்னறையைப் பூட்டினேன். அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டேன். என் மனைவி இசக்கித்தாய் காலில் விழுந்தாள். பிறகு எழுந்து நின்று, கல்யாணமான இத்தனை வருடத்தில் பேசாத ஒரு பேச்சைப் பேசினாள்.

"மீனுக்குப் பாக்குத வைத்தியத்த எம்பிள்ளைக்குப் பாருங்க. அதுக்கு மட்டும் கடைக்குப் போயிட்டு வாரியளே. மீனு எந்த வீட்டு மீனுன்னு ஒருத்தனும் கேக்க மாட்டாம்னுதான?"

அவள் சொன்னது சரி. அதற்குத்தான்.

வெள்ளிக்கிழமை மறுபடி ஆரிப்பின் கடைக்குப் போனேன். தூள் தீர்ந்திருந்தது. கடை வாசலில் நின்று எதிரே பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கூட்டம் இல்லை. தெருவைக் கடக்கப் பத்து எட்டு கூட ஆகாது. ஒரு காலைத் தெருவில் வைத்தேன். அங்கே பெஞ்சில் எங்கள் தெருக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று மாலை அவள் என்னை அடையாளம் தெரியாமல் சார் என்று கூப்பிட்டாள். கை தோள் வரை கருத்திருந்தது. மீனைப் பார்க்க வேண்டும் என்றாள். வாளியைத் தூக்கிக் கட்டில் பக்கம் வைத்தேன். "புண்ணு ஆறிட்டு சார்" என்றாள். சனிக்கிழமை விடியும்போது போய்விட்டாள்.

இசக்கித்தாய் இந்த ஸ்டேஷனுக்கு வந்து சொன்னதெல்லாம் உண்மை. என் மகளுக்கு அம்மை இல்லை. அவள் பிழைத்திருப்பாள், அது எனக்குத் தெரிந்தேதான் பூட்டினேன். அவள் யாரிடமும் உதவி கேட்காதபடி தடுத்தது நான். சாவி இதோ, என் இடுப்பில் இருக்கிறது. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவளை வண்டியில் ஏற்றும்போது கையை நன்றாக மூடச் சொல்லுங்கள். பிச்சம்மாள் வாசலில்தான் நிற்பாள்.